அக்காவின் இதயம்: காவேரிப்பட்டணம் நாட்குறிப்பு

ஏப்ரல் 18

அக்காவின் இதய ஸ்கேனான எக்கோ அறிக்கையில், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள ஈரிதழ் வால்வின் திறப்புப் பரப்பு 1.1 சதுர சென்டிமீட்டர் என்று இருக்கிறது. இருக்க வேண்டியது 4 முதல் 6 வரை.

ஏப்ரல் 19

இரவு முழுவதும் அக்கா தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேல் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். படுத்தவுடன் கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த இரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. வலது கீழறையான வெண்ட்ரிக்கிள் அதை வழக்கம்போல நுரையீரலுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கிருந்து இடது மேலறையான ஆரிக்கிளுக்கு வந்து சேரும் இரத்தமோ குறுகிய வால்வைக் கடக்க முடியாமல் தேங்க, அழுத்தம் பின்னோக்கி ஏறி, நுரையீரலின் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் காற்று நுண்ணறைகளுக்குள் கசிகிறது. இதயத்தில் உள்ள கோளாறு மூச்சுத் திணறலாக வெளிப்படுவது இப்படித்தான். காரணம் தெரிந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பது எளிதாகவில்லை.

ஏப்ரல் 23

நாடி 104.

ஏப்ரல் 24

மெட்டோப்ரோலால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று மாமா கேட்டார். அது இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை என்று மருந்துக் கடையில் யாரோ சொன்னார்களாம்; அக்காவுக்குத்தான் இரத்த அழுத்தம் இல்லையே என்பது அவருடைய வாதம். அவரை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். இதயம் ஓய்வதே இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது ஒவ்வொரு துடிப்பிலும் ஓய்கிறது. நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி; அதில் வெண்ட்ரிக்கிள்கள் சுருங்குவது ஏறத்தாழ 0.3 வினாடி, தளர்ந்து நிரம்புவது 0.5 வினாடி. இடது வெண்ட்ரிக்கிளின் தசைக்குக் கரோனரித் தமனிகள் வழியாக இரத்தம் பெருமளவில் பாய்வதும் இந்தத் தளர்ச்சிக் காலத்தில்தான். நாடி வேகம் எடுக்கும்போது சுருங்கும் நேரம் சிறிதே குறைகிறது; நிரம்பும் நேரம்தான் பெரிதும் வெட்டுப்படுகிறது. நேற்றைய 104இல் ஒரு துடிப்புக்குக் கிடைத்தது 0.58 வினாடி, நிரம்புவதற்கு ஏறத்தாழ 0.3 வினாடிதான் மிஞ்சியிருக்கும். நல்ல வால்வுக்கு அது போதும். அக்காவின் வால்வுக்குப் போதாது. கிருஷ்ணகிரி அணையில் ஷட்டரைக் கொஞ்சமாகத் திறந்தால் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தானே தண்ணீர் வெளியேறும் என்று கேட்டதும் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. நாடியைக் குறைத்து அந்த நேரத்தை மீட்டுத் தருவதற்காகவே இந்த மாத்திரை. இனி இரவு மாத்திரையை அவரே எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 27

தோப்பில் காய் பறிக்க ஆள் வந்திருக்கிறது, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். விட மாட்டேன்.

மே 2

அக்கா மகளுக்குத் தொண்டை வலி. காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வெந்நீரும் கஷாயமும் போதும் என்று அம்மா சொன்னதைக் கேட்கவில்லை. பள்ளி நாட்களில் அக்காவுக்கு வந்ததும் தொண்டை வலிதான். அது ஆறிய சில வாரங்களில் முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது; மூட்டுகள் தாமாகவே சரியானதால் வீட்டில் அதை மறந்துவிட்டார்கள். அந்தத் தொண்டை வலியைத் தந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பொருள்கள் இதய வால்வையும் தாக்கிவிடுகின்றன. அந்தத் தழும்பு பல ஆண்டுகளாக மெல்ல இறுகி, இரண்டு இதழ்களையும் ஓரங்களில் ஒட்ட வைக்கிறது. அன்றே கண்டுபிடித்து மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசியைத் தொடர்ந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்ற எண்ணம் என்னை விடுவதாயில்லை.

மே 3

நாடி 82. களி கேட்டுச் சாப்பிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

மே 6

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். இரத்தம் உடலைச் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதினார். அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகம் என்று கணக்கிட்டு, சுற்றாமல் இது நடக்காது என்று வாதிட்டார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியாகச் செல்கிறது என்பதைக் காணாமலே 1657இல் இறந்துபோனார். 1661இல் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் அந்தத் தந்துகிகளை நுண்ணோக்கியால் கண்டார். அவர் பார்த்த அதே நுண்ணிய இடத்தில்தான் அக்காவுக்கு இரவெல்லாம் நீர் கசிகிறது.

மே 9

பெங்களூரு போய் வந்தோம். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். வால்வுகள் மூடும் இரண்டு ஒலிகளுக்குப் பிறகு, அமைதியாக இருக்க வேண்டிய தளர்ச்சிக் காலத்தில், தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்டது. நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை என்கிறார். தொடைச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, ஆரிக்கிள்களுக்கு இடையே உள்ள சுவரைத் துளைத்து, வால்வுக்குள் பலூனை விரித்து ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார்கள். ஜப்பானின் கஞ்சி இனோவே 1984இல் வெளியிட்ட முறை. அதற்கு முன்பு உணவுக்குழாய் வழியே ஸ்கேன் எடுத்து, இரத்தம் தேங்கும் இடது ஆரிக்கிளில் கட்டி உறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால் அது பிய்ந்து மூளைக்குப் போய்விடலாம்.

மே 10

கட்டி இருக்கக் கூடாது.

மே 13

கட்டி இல்லை. பலூன் சிகிச்சைக்கான தேதி வெள்ளிக்கிழமை. காப்பீட்டு அட்டையின் நகல், பழைய எக்கோ அறிக்கை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். இன்றைய நாடி 78. நாளைக் காலை மாத்திரைக்கு முன்பு மீண்டும் பார்க்க வேண்டும்.