ரோட்மாஸ்டரை ஸ்கிராம்ப்ளர் ஆக்கப் பட்ட பாடு

ஒருவழியாக வண்டிக்கு வருடா வருடம் எடுக்கும் லைசன் கைக்கு வந்துவிட்டது. 1980களின் தொடக்கத்து ஹொண்டா சிடி 200 ரோட்மாஸ்டர் ஒன்றை, மண் பாதையிலும் ஓடுகிற மாதிரி உயர்த்திய ஸ்கிராம்ப்ளர் பாணிக்கு மாற்றி, திருகோணமலை வீதிகளில் பயமில்லாமல் ஓடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்ததில் பட்டறை வேலை பாதிதான். மிச்சம் எல்லாம் அலைச்சல். இதே ஆசையில் இருப்பவர்களுக்காக, எங்கெங்கே மாட்டுவீர்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். கார்பரேட்டர் கழுவுவதும் டாங்கித் துரு எடுப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பைக் தம்பலகாமத்தில் ஒரு வீட்டின் பின்புறம் மாட்டுக்கொட்டிலுக்குள் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பைக்கின் விலை எகிறிப்போனது. இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும் விற்பவர்கள் அந்த விலையை மறக்கவில்லை. பேரம் பேசியது ஒரு பக்கம் இருக்கட்டும். பதிவுப் புத்தகம் உரியவரின் பெயரில் இருக்கிறதா, சேசி நம்பரும் எஞ்சின் நம்பரும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுத்தேன். ஓபன் பேப்பர் வண்டி, அதாவது வாங்கியவர் பெயருக்கு மாற்றாமலே கைமாறி வந்த வண்டி என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பெயரே மாற்ற முடியாத வண்டிக்கு நிறம் மாற்றப் போய் நின்றால் என்ன பதில் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எஞ்சினில் பெரிய வேலை இல்லை. 194 சிசி, இரட்டைச் சிலிண்டர், ஒற்றைக் கார்பரேட்டர், 4 கியர். ரிங்கும் கஸ்கட்டும் மாற்றியதோடு சரி.

முதல் சண்டை வெல்டிங்கில். சீட்டின் பின்பகுதியைக் குட்டையாக்கி, வளைவாக ஒரு பைப் ஒட்ட வேண்டும். முதலில் போன பட்டறையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜிஐ பைப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்றேன். “கேட் செய்யிறதும் இதாலதான் தம்பி, ஒண்டும் ஆகாது” என்றார் முதலாளி. கேட்டில் யாரும் ஏறிக்கொண்டு நிலாவெளிக்குப் போவதில்லையே. ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சை எரித்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும், பற்றும் பலமாக இருக்காது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் கிண்ணியாவில் வெல்டிங் செய்யும் ஒரு நானா (முஸ்லிம் அண்ணர்) கிடைத்தார். சேசிப் பைப்பின் கனத்துக்கே பைப் தேடி, உள்ளே ஒரு துண்டு செருகி, அதன் மேல் பற்றுவைத்துத் தந்தார். பின் ஷொக் பூட்டும் இடத்துக்கு முன்னால் இரும்பறுக்கும் வாள் படவே கூடாது என்பதில் அவர் என்னைவிடக் கண்டிப்பு.

உயரமான பின் ஷொக் போட்டதும் பைக் அழகாக நிமிர்ந்தது. அன்று பின்னேரமே பக்க ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனபோது விழுந்தது. உயரம் கூடினால் ஸ்டாண்ட் குட்டையாகிவிடும் என்று படம் போட்டு விளக்கும் ஆட்கள் எவரும் சொல்வதில்லை. ஸ்டாண்டை நீட்டி, அடியில் அகலமான தகடும் வைத்தோம். மணலில் நிறுத்த அந்தத் தகடு இல்லாமல் முடியாது. செயினையும் பாருங்கள். சிடியில் செயினை முழுதாக மூடிய கவர் உண்டு. அதைக் கழற்றினால்தான் ஸ்கிராம்ப்ளர் தோற்றம் வரும். கழற்றிய நாளிலிருந்து கடற்கரை மணல் எல்லாம் செயினில்தான். ஒயில் போடும் வேலை இரண்டு மடங்கு.

இனி சைலன்சர். ஹொண்டாவே 1962இல் சிஎல் 72 என்று ஒரு ஸ்கிராம்ப்ளர் விட்டது. அதில் இரண்டு பைப்பும் இடது பக்கமாக மேலே ஏறிப் போகும். எனக்கும் அதே ஆசை. ரோட்மாஸ்டரில் கிக்கர் வலது பக்கம் என்பதால் இடது பக்கம் தோதாகவும் இருந்தது. பைப் வளைக்க நானாவின் முறை பழையது: உள்ளே மணலை இறுக்கி அடைத்து, இரு முனையையும் மூடி, சூடாக்கி வளைப்பது. கடற்கரை பக்கத்தில்தானே என்று மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். ஈரம் இருந்தால் நீராவி கட்டி அடைப்புத் தெறிக்கும். நானா மணலைச் சட்டியில் வறுத்தே எடுத்தார். வளைவுகள் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தன.

பைப் தொடையைச் சுடாமல் இருக்கத் துணிப்பட்டி சுற்றுகிறார்கள் அல்லவா, அதை இந்த ஊரில் செய்யாதீர்கள். உப்புக்காற்றின் ஈரத்தைப் பட்டி குடித்து வைத்துக்கொள்ளும், பைப் உள்ளுக்குள் துருப்பிடித்துப் போகும். துளை போட்ட தகட்டுக் கவசம், பைப்புக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி, அவ்வளவு போதும். பெயின்ட் அடிக்காமல் வெறும் இரும்பாக விடும் மோஸ்தரும் அப்படித்தான். உள்நாட்டில் சரிவரலாம், என்னைப் போலக் கடலோர உப்புவெளிக்காரனுக்குச் சரிவராது.

சத்தம் குறைய நானா சைலன்சரின் வாயில் சின்னச் சின்னத் துளையிட்ட ஒரு தகட்டை நிரந்தரமாக ஒட்டியிருந்தார். சத்தம் நன்றாகக் குறைந்தது. அதோடு, லைசனுக்குத் தேவையான புகைப் பரிசோதனைக்குப் போனேன். பையன் பரிசோதனைக் குழாயை எடுத்தான், குனிந்தான், நிமிர்ந்தான். “அண்ணே, இதுக்குள்ள போகாது.”

வாயில் பிடித்துப் பார்க்கலாமே என்றேன். உள்ளே போகாவிட்டால் வெளிக்காற்றும் கலந்து அளவு பிழையாக வரும், மெஷின் ஏற்காது என்றான். அதில் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு நடந்ததில்தான் நியாயம் இல்லை. உள்ளே இருந்த பெரியவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்பிடியான வண்டியெல்லாம் இஞ்ச கொண்டு வரப்படாது, கொம்பனிச் சைலன்சர் பூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார். ரோட்மாஸ்டருக்குக் கொம்பனிச் சைலன்சர் எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. கதவு மட்டும் சாத்தப்பட்டது.

திரும்பக் கிண்ணியா. தகட்டை வெட்டி எடுத்து, உள்ளே நேரான துளைப் பைப் ஒன்றை வைத்து, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தோம். இப்போது வாய் திறந்திருக்கிறது, சத்தத்தைப் பஞ்சு விழுங்குகிறது. ஆனால் காற்றோட்டம் மாறியதால் ஓட்டத்தில் பிளக் வெளுத்தது, அதாவது பெட்ரோல் போதவில்லை. அதற்குக் கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினோம். பரிசோதனைக்குப் போகும் முன் மெயின் ஜெட்டைப் போட்டு நோண்டாதீர்கள். என் வண்டியை ஐட்லில் வைத்தே பார்த்தார்கள், ஐட்லில் பேசுவது காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸர் ஸ்குரூதான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஐட்ல் சீராகும் இடத்தில் விடுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். நான் சீனக்குடா வரை ஒரு சுற்றுப் போய்விட்டு, வேறொரு நிலையத்தில் நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் சான்றிதழ் தந்தார்கள்.

நிறம் இன்னொரு கூத்து. எனக்கு இராணுவப் பச்சைதான் விருப்பம். வீட்டில் பெரியவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்த ஊரில் அந்த நிறத்தில் ஒருவன் பைக் ஓட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. சரி என்று மணல் மஞ்சளுக்குப் போனேன். பெயின்ட் கடைக்காரர் சேசியை வழுவழுப்பாக்குகிறேன் என்று ஹேண்டில் பூட்டும் கழுத்துப் பக்கம் பள்ளம் நிரப்பும் பட்டி தடவி, சேசி நம்பரை அப்படியே மூடிவிட்டார். அதன் மேல் அழகாக மூன்று பூச்சு.

நிறம் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர் முதலில் வண்டியின் படங்கள் கேட்டார். அடுத்த முறை படங்களோடு போனால் வண்டியைப் பார்ப்பவர் அன்று இல்லை. அவர் இருந்த நாளில் குனிந்து கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “நம்பர் எங்க?” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. களவு வண்டி என்று நினைத்தால் அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

இங்கேதான் கவனம் வேண்டும். பெயின்ட் கடைக்காரர் கிரைண்டரோடு வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த இடத்தில் கிரைண்டரின் கீறல் ஒன்று விழுந்தாலும் நம்பரை அழித்து அடித்தது போலத் தெரியும். பெயின்ட் கழற்றும் திரவத்தைப் பூசி, பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேலே தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். துருப்பிடிக்காமல் கிறீஸ் மட்டும். அந்தத் தாளைப் பார்த்ததும் அதே உத்தியோகத்தருக்கு மனம் இளகியது. “இப்பிடிக் கொண்டு வந்திருக்கலாமே முதலே” என்றார். நம்பரை மூடியது நான் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. புது பெயின்ட் அடித்த சேசியில் சிக்னல் வேலை செய்யாவிட்டால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். எர்த் வயர் பூட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள்.

இன்சூரன்ஸ், பிரதேச செயலகத்தில் லைசன் எல்லாம் ஒரு காலைக்குள் முடிந்தது. முதல் ஓட்டம் குச்சவெளிப் பக்கம். அநுராதபுரச் சந்தியில் பொலிஸ் மறித்தது. 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகப் பாகங்களைக் கழற்ற வைத்ததிலிருந்து மாற்றிய வண்டி என்றாலே ஒரு பார்வை விழுகிறது. புத்தகத்தில் நிறம், சேசி நம்பர், புகைச் சான்றிதழ் மூன்றையும் பார்த்தார். பிறகு சைலன்சரைக் காட்டி, இது எங்கே செய்தது, தன்னுடைய மச்சானிடமும் ஒரு சிடி இருக்கிறது என்றார். நானாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருப்பது பின் மட்காட். குட்டையாக வெட்டியது பார்க்க நல்லது, முதல் மழைக்கே முதுகில் சேற்றுக்கோடு. மாரி தொடங்குவதற்குள் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு நீளத் துண்டு செய்ய வேண்டும். பின் சீட்டில் ஏற அதுதான் நிபந்தனை என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.