பிள்ளை பச்சையாகச் சத்தி எடுத்தால்

பால் கக்குவது வேறு, பச்சையாகச் சத்தி எடுப்பது வேறு. திருகோணமலையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில் வேலை செய்யும் டொக்டராக நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பிறந்து சில நாளேயான பிள்ளை கீரைச்சாறு மாதிரிச் சத்தி எடுத்தால், அதில் பித்தநீர் கலந்திருக்கிறது. குடல் எங்கோ அடைபட்டிருக்கலாம். "பித்தம்தான், கொஞ்சம் ஓமத்தண்ணி குடுங்கோ" என்று அம்மம்மாமார் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிள்ளையிடம் நேரமில்லை.

நான் பயப்படுவது குடல் முறுக்குக்கு. கருவில் குடல் 270 பாகை சுழன்று, தன் இடத்தில் பொருந்த வேண்டும். சுழற்சி பாதியில் நின்றுவிட்டால் சிறுகுடல் ஒடுங்கிய ஒரு காம்பில் தொங்கும். அது முறுகினால் உள்ளே ஓடும் இரத்தக்குழாய்களும் நெரிபடும். சில மணித்தியாலங்களில் குடல் கறுத்துவிடும்.

ஸ்கேனுக்கு முன் ஜெல் போத்தலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். குளிர்ந்த ஜெல் பட்டால் பிள்ளை வீரிட்டு அழும், காற்றை விழுங்கும், படம் கலங்கும். சின்ன ப்ரோபைத் தொப்புளுக்கு மேலே வைத்து இரண்டு குழாய்களைத் தேடுவேன்: குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி, திருப்பிக் கொண்டுவரும் நாளம். வழக்கமாக நாளம் நாடிக்கு வலப்பக்கம் இருக்கும். முறுகியிருந்தால் நாளமும் குடலும் நாடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டொப்ளரைப் போட்டதும் அந்தச் சுழி தெரியும். பிரான்சில் பிராக்ரோஸ் என்ற டொக்டரும் சகாக்களும் 1992இல் எழுதி வைத்த அடையாளம் அது. கதிர்வீச்சு இல்லை, பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கவும் வேண்டாம்.

குறைமாதப் பிள்ளைகளின் குடல் அழற்சியிலும் இதே மெஷின் உதவும். குடல் சுவரில் இரத்தம் ஓடுகிறதா என்பதை எக்ஸ்ரே காட்டாது, டொப்ளர் காட்டும்.

ஆனால் ஸ்கேன் நோர்மல் என்பதால் மட்டும் சந்தேகம் தீராது. கொன்ட்ராஸ்ட், அதாவது எக்ஸ்ரேயில் குடலைத் தெளிவாகக் காட்டும் திரவம், கொடுத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டிவரலாம். பிள்ளை மிகவும் சோர்ந்திருந்தால் அதற்கும் காத்திராமல் சத்திரசிகிச்சைதான்.

கிண்ணியாவிலிருந்து வந்த இளம் தாய் ஒருவர் கறைபட்ட துணியை ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து, "டொக்டர், இதப் பாருங்க" என்று நீட்டினார். எத்தனை கேள்விகளை அந்தத் துணி மிச்சப்படுத்தியது! துணி இல்லாவிட்டால் போனில் ஒரு படம் போதும். மூதூரோ குச்சவெளியோ, நடுச்சாமம் என்றாலும் புறப்பட்டு வாருங்கள். வாசலில் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் வரிசையில் நிற்க வேண்டிவரும். முதலில் நிறத்தைச் சொல்லுங்கள்.