பூம்பூம் மாடு

"ஏன்டி, உன் வண்டி பூம்பூம் மாடு மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டுது?" என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சேலம் ஐந்து ரோடு சிக்னலில் பச்சை விழுந்து, ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது வண்டி ஒரு குனி குனிந்து நிமிர்ந்தது. கூடவே காலுக்கடியில் "டொக்" என்று ஒரு சத்தம்.

வண்டி 2018 மாடல், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் சின்ன ஏஎம்டி ஹேட்ச்பேக். 62 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏஎம்டி என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று ஆறு வருஷமாக நானே எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒட்டிப் பிரிக்கிற கிளட்ச் பிளேட்டும் அதேதான். நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்கிற சாமான் எண்ணெய் அழுத்தத்தில் செய்கிறது. கியர் மாறும் அந்தக் கண நேரம் கிளட்ச் விட்டிருப்பதால் சக்கரத்துக்கு இழுவை கிடையாது. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தால் வண்டி குனியும். காலை லேசாகத் தூக்கினால் குனியாது. இதை டெலிவரி கொடுத்த அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள்.

ஆனால் இந்த "டொக்" புதுசு.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "சார் வரலீங்களா மேடம்?" என்றார் அட்வைசர். சாருக்கு லைசென்ஸ் இருக்கிறது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பதற்கு. பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சுவேட்டரும் கிளட்ச் செட்டும் மாற்றணும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். 68,000 ரூபாய். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "ஜெர்க் இருக்குல்ல மேடம்" என்கிறார். ஜெர்க் இருப்பதை நான்தானே அவரிடம் போய்ச் சொன்னேன்!

நான் பேங்கில் கேஷியர். சாயங்காலம் கணக்கு உதைத்தால் மொத்த லெட்ஜரையும் கிழித்துப் போட மாட்டோம். எந்த இடத்தில் உதைக்கிறது என்றுதான் முதலில் தேடுவோம். அன்றைக்கே ஒரு பழைய டைரியை எடுத்து டேஷ்போர்டில் போட்டேன். ஒரு வாரம், எப்போதெல்லாம் உதறுகிறதோ, வண்டியை நிறுத்தியதும் குறித்துவைத்தேன்.

மூன்றாவது கியரில், 40-ல், ஒரே சீராகப் போகும்போது ஒரு உதறலும் இல்லை. கியரே மாறாமல் திக்கித் திணறினால் பிளக், காயில் என்று என்ஜின் பக்கம் சந்தேகப்பட வேண்டும், அது கழிந்தது. மேனுவல் மோடில் போட்டு, காலைத் தூக்கிவிட்டு நானே கியர் மாற்றினால் குனிவது பாதியாகக் குறைந்தது, டொக் மட்டும் அப்படியே கேட்டது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு டிரைவுக்கு மாற்றி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டி ஊர ஆரம்பிக்கும்போதும் அதே டொக். இன்னொன்று, டிராஃபிக்கில் இருபது நிமிஷம் ஊர்ந்த பிறகு நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் வண்டி கிடுகிடுவென்று அதிர்ந்தது. காலை வேளையில் அது கிடையாது.

கந்தம்பட்டி பைபாஸ் பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஏஎம்டி நன்றாகப் பார்ப்பார் என்று எங்கள் கிளை டிரைவர் சொன்னார். டைரியைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "ரெண்டு வியாதிங்கம்மா. ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குது" என்றார்.

பானட்டைத் திறந்துவைத்து, என்னை ஓரடி முன்னே, ஓரடி பின்னே எடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். என்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து தொட்டில் மாதிரி ஆடின. எடையைத் தாங்குவது மேலே இருக்கும் மவுண்டிங்குகள், அதாவது என்ஜினை வண்டியோடு பிணைக்கும் ரப்பர் வைத்த தாங்கிகள். என்ஜின் முன்னும் பின்னும் உருளாமல் பிடித்துக்கொள்வது கீழே இருக்கும் ஒன்று. அதன் ரப்பர் வாய் பிளந்து கிடந்தது. கிளட்ச் விடும்போது ஒரு பக்கமும் பிடிக்கும்போது மறுபக்கமும் போய் என்ஜின் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் டொக்.

ஸ்கேனர் போட்டதில் ஆக்சுவேட்டர் பற்றி ஒரு எரர் கோடும் (code) இல்லை. எண்ணெய் அளவு சரி, பேட்டரியும் சரி. மவுண்டிங் மாற்றினோம், கூலியோடு 2,400 ரூபாய். பிறகு ஸ்கேனரிலேயே கிளட்ச் லேர்னிங் செய்தார். பிளேட் தேயத் தேய, கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும் இடம் தள்ளிப்போகும். ஏஎம்டியின் மூளை பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் சட்டென்று கொண்டுபோய் ஒட்டும். லேர்னிங் என்பது புது இடத்தை அதற்குக் காட்டிக்கொடுப்பது. அதற்கு 600.

வரும்போது ஐந்து ரோட்டில் வேண்டுமென்றே இரண்டு சுற்று சுற்றினேன். டொக் இல்லை. குனிவதும் முன்னே இருந்ததில் கால்வாசி இருந்தால் அதிகம்.

அந்தக் கிடுகிடு மட்டும் போகவில்லை. அது கிளட்ச் பிளேட், சூட்டில் பளபளத்துப் போயிருக்கும் என்றார் அண்ணன். "ஏற்காடு அடிக்கடி போவீங்களா?" என்று கேட்டார். மாதம் ஒருமுறை, மாமியார் வீடு. 20 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்தால் ஏற்றத்தில் நிற்க வேண்டியிருக்கும். அப்போது பிரேக்கைத் தொடாமல், லேசாக ரேஸ் கொடுத்தே வண்டியைப் பிடித்து நிறுத்துவேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்து சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சாரிடம் இந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.

பிளேட் இன்னும் ஆறேழு மாசம் ஓடும் என்கிறார் அண்ணன். தை போனஸ் வந்ததும் மாற்றலாம் என்றிருக்கிறேன். கழற்றிய மவுண்டிங்கைப் பையில் போட்டுக் கொடுத்தார். காற்றில் அடித்துக்கொள்ளும் கொல்லைக் கதவுக்கு அம்மா அதை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள்.