காவலர் பயிற்சியில் சட்டத் தாளைக் கடந்து வந்த அனுபவம்

இரண்டாம் நிலைக் காவலர் பயிற்சியின் சட்டத் தேர்வில் தேறிவிட்டேன் என்ற நிம்மதி ஒருபுறம் இருந்தாலும், அதற்காகப் பட்ட பாட்டை நினைத்தால் ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை. கவாத்தும் துப்பாக்கிப் பயிற்சியும் உடம்பை வருத்தினாலும் நாளடைவில் பழகிவிடும். எங்கள் அணியில் பலரைத் திணறடித்தது சட்ட வகுப்புதான் என்பதால், அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்று அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன: குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா, வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம். ஆனால் எங்கள் கைக்கு வந்த குறிப்பேடு, இந்திய தண்டனைச் சட்டத்தையும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் வைத்துத் தயாரித்த பழைய தாள்களின் நகல். பிரிவு எண்களை மட்டும் யாரோ ஓரத்தில் பேனாவால் திருத்தியிருந்தார்கள்; அந்தத் திருத்தமும் பாதியில் நின்றிருந்தது. விளைவு என்னவென்றால், ஒரே பக்கத்தில் 173 என்ற எண் இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வந்தது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 173 என்பது புலன்விசாரணை முடிந்து நீதிமன்றத்துக்கு அனுப்பும் இறுதி அறிக்கை; பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முதல் தகவல் அறிக்கை, அதாவது பழைய 154. இறுதி அறிக்கை இப்போது 193-க்குப் போய்விட்டது. வழக்கின் தொடக்கமும் முடிவும் ஒரே எண்ணில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தவர்கள் மாதிரித் தேர்வில் என்ன எழுதியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதேபோல், பழைய தண்டனைச் சட்டத்தின் 304 கொலை ஆகாத, மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 304 பறிப்பு என்ற புதிய குற்றம். கொலைக்கான 302 இப்போது 103 ஆகிவிட்டது.

இதைப் பற்றி வகுப்பில் கேட்டபோது, "ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் (நிலைய எழுத்தர்) பார்த்துக்கொள்வார், எண்ணை மட்டும் படி" என்ற பதில்தான் கிடைத்தது. இந்தப் பதில் எனக்கு இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் காவல் நிலைய வாசலில் பாராவில் நிற்கும் காவலரைத்தான் புகார்தாரர் முதலில் சந்திக்கிறார். அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்றால் ரைட்டர் வரைக்கும் அந்தப் புகார் போவதே இல்லை.

நடைமுறைப் பயிற்சிக்காக ஒரு நிலையத்தில் இருந்தபோது இதை நேரில் பார்த்தேன். பேருந்திலிருந்து இறங்கும்போது கைப்பேசியைப் பறிகொடுத்த ஓர் அம்மா வந்தார். சம்பவ இடம் எங்கள் எல்லைக்கு வெளியே என்று சொல்லி, வரவேற்பில் இருந்த ஏட்டு அவரைப் பக்கத்து நிலையத்துக்கு அனுப்பினார். அங்கேயும் அதே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்ப, மாலையில் அந்த அம்மா மறுபடியும் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையிலிருந்த புகார் மனு மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(1) தெளிவாகச் சொல்கிறது, பூஜ்ய எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். சட்டத்தின் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், "அய்யா, இதில் இப்படி இருக்கிறது" என்று உதவி ஆய்வாளரிடம் காட்டினேன். சி.எஸ்.ஆர். (வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றதற்குத் தரும் ரசீது) போட்டு அனுப்பிவிட்டு 14 நாள் முதல்நிலை விசாரணை செய்யலாமே என்று ஏட்டு யோசனை சொன்னார். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு அந்த வசதி உண்டு, ஆனால் அதற்குத் துணைக் காவல் கண்காணிப்பாளரின் முன் அனுமதி வேண்டும் என்று அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவிலேயே இருந்தது. உதவி ஆய்வாளர் அதையும் படித்துப் பார்த்துவிட்டு அன்றே வழக்குப் பதிவு செய்து, நகலை இலவசமாக அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். என் பயிற்சிக் காலத்தில் நான் உண்மையாகப் பெருமைப்பட்ட நாள் அது.

கைது தொடர்பான பகுதியை வகுப்பில் ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அதன் பலனை நீதிமன்றத்தில் பார்த்தோம். கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 36. நாங்கள் காவலுக்குச் சென்ற வழக்கில் சாட்சி என்று இன்னொரு காவலரே கையெழுத்திட்டிருந்தார். நீதித்துறை நடுவர் விளக்கம் கேட்டார், அதிகாரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், கைதானவரை நடுவர் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு நெருங்கிக்கொண்டிருக்க எல்லோரும் மாலை வரை வராந்தாவில் நின்றோம். உறவினருக்குத் தகவல் சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவரின் கையெழுத்தே கிடைத்திருக்கும். தகவல் சொல்வதும் பிரிவு 48-இன்படி கட்டாயம்தான்.

இன்னொரு எச்சரிக்கை, சோதனையின்போது எடுக்கும் வீடியோ பற்றியது. பிரிவு 105-இன்படி சோதனையை மட்டும் படம் பிடித்தால் போதாது. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைத் தயாரிப்பதும், அதில் சாட்சிகள் கையெழுத்திடுவதும் பதிவாக வேண்டும். பொருள் கிடைத்ததும் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிடும் பழக்கத்தை ஒரு சோதனையில் கண்டேன். பட்டியல் எழுதிய அரை மணி நேரம் அந்தப் பதிவில் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். இடையில் நிறுத்தாமல் எடுங்கள், மின்னூட்டம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

தேர்வில் பலர் தடுமாறிய கேள்வி, 2024 ஜூனில் நடந்த திருட்டுக்கு ஆகஸ்டில் புகார் வந்தால் எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது என்பது. குற்றம் நடந்த தேதியை வைத்துக் குற்றப்பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 (திருட்டு). பதிவும் புலன்விசாரணையும் புதிய நடைமுறைச் சட்டத்தின்படி. எங்கள் குறிப்பேட்டில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட பழைய சம்பவங்கள் இன்னும் பல ஆண்டுகளுக்கு நிலையங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே பயிற்சியில் சேருவதற்கு முன்பே, மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் மூன்று சட்டங்களின் மூலத்தையும் இலவசமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் ஒப்பீட்டு அட்டவணைகளை மட்டும் நம்ப வேண்டாம். நான் பார்த்தவற்றில் பிழைகள் இருந்தன. முழுவதையும் படிக்க நேரம் இல்லையென்றால், நடைமுறைச் சட்டத்தில் 35 முதல் 58 வரையிலான கைதுப் பிரிவுகள், 105, 173, 176, 180, 193 ஆகியவற்றையும், சாட்சியச் சட்டத்தில் காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய 23, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் பற்றிய 63 ஆகியவற்றையும் முதலில் படியுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பிரிவின்படி யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் சொந்த நடையில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். தேர்வறையில் எனக்குக் கைகொடுத்தது அந்த வரிகள்தான்.