நிழலுக்குள் நீலம்

இன்று மாலை மயிலாப்பூர் குளக்கரையில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைந்தபோது, படிகளின் நிழலுக்குக் கறுப்பைத் தொடவே தோன்றவில்லை.

அல்ட்ராமரைன் என்ற அடர்நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. இரண்டும் கலந்தால் அழகான சாம்பல். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெயில் ஏறிய கல்.

ஈரத் தாளில் வைத்ததும் நீலத் துகள்கள் பிரிந்து தாளின் குழிகளில் தங்கின. கல்லின் சொரசொரப்பு தானாகவே வந்துவிட்டது!

நீரில் மின்னிய வெளிச்சத்துக்கு வண்ணமே இல்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டேன்.

பூக்கார அக்கா எட்டிப் பார்த்து, "தொட்டா சுடும் போல இருக்கே" என்றார்.

கைக்கு முன்னால் கண்தான் பழகுகிறது. இப்போதெல்லாம் பேருந்தில் போகும்போதும் சுவர் நிழல்களில் நீலம் தேடுகிறேன்.

சரி, அடுத்தது வேப்பமரம். டியூபில் வரும் ரெடிமேட் பச்சை வேண்டாம். நீலத்தையும் மஞ்சளையும் கலந்தே பார்க்கப்போகிறேன்.