சத்தம் போடுகிறவர்கள் யார்?

அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், அதைத் தொட்டாற்போல் பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம். அந்த நாட்களில் கதை நேரத்துக்கு வரும் நான்கைந்து வயது வாண்டுகளுக்குக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டக் கதைகளைப் படப் புத்தகங்களிலிருந்து வாசித்துக் காட்டுவேன்.

பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கதையைக் கால் வலித்த ஒரு தையல்காரியின் கதையாகவே பல பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குழந்தைகளும் "பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்ததுதான். 1955 டிசம்பர் 1 அன்று அவரைக் கைது செய்தார்கள். நான்கு நாள் கழித்து அவர் ஊரான, அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். 381 நாள்! எண்ணைச் சொன்னால் ஐந்து வயதுக்கு ஏறாது. "உன் பிறந்தநாள்லேர்ந்து அடுத்த பிறந்தநாள் வரைக்கும், அதுக்கு மேலயும் ரெண்டு வாரம்" என்றால் கண்கள் விரியும். "மழை பெய்தாலுமா?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். மழையிலும் நடந்தார்கள். தேவாலயங்கள் வண்டிகள் வாங்கி ஆட்களை ஏற்றி இறக்கின. கார்பூல் என்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், தினமும் அதில்தானே பள்ளிக்கு வருகிறார்கள். ஒரே ஒரு வீராங்கனை என்பதைவிட, ஊரே கூடி வண்டி ஏற்பாடு செய்தது என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

ரூபி பிரிட்ஜஸ் கதை வேறு மாதிரி. 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ஆறு வயதுச் சிறுமி, மத்திய அரசின் காவல் அதிகாரிகளான நான்கு மார்ஷல்கள் சூழ, அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்குள் போகிறாள். படத்தில் நாம் அவளைப் பார்ப்போம். குழந்தைகளின் விரல், அவள் வரக்கூடாது என்று பின்னால் நின்று கத்தும் கூட்டத்துக்குத்தான் போகும்.

"இவங்க ஏன் கத்துறாங்க? வேலைக்குப் போக வேண்டாமா?"

அதில் பலர் அம்மாக்கள் என்று சொன்னேன். "அப்போ அவங்க பிள்ளைங்க எங்கே?"

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் அந்த வகுப்பில் ரூபியும் பார்பரா ஹென்றி டீச்சரும் மட்டும், கிட்டத்தட்ட அந்த வருடம் முழுவதும். இந்த இடத்தில் நான் அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்புவதில்லை. "கெட்டவங்க" என்று ஒரு வார்த்தையில் முடிப்பதும் இல்லை. நிறத்தை வைத்துப் பள்ளியைப் பிரித்த அந்த விதியைப் போட்டதும் பெரியவர்கள்தான், மாற்றியதும் பெரியவர்கள்தான் என்பேன். விதி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த வயது அது, யார் போட்டது என்று கேட்கவும் தயங்காது.

நீலச் சட்டை ஒரு பக்கம், சிவப்புச் சட்டை ஒரு பக்கம் என்று உட்கார வைத்து நடித்துக் காட்டலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது மட்டும் கூடவே கூடாது என்பேன். எங்கள் கூட்டத்தில் கறுப்பினக் குழந்தை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்ற எல்லோரும் திரும்பி அந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நம்மூர் அப்பா ஒருவர் ஒருநாள் தனியாக வந்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க? நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேருக்குத்தான் இங்கே குடியேற இடம் இருந்தது. பிறந்த நாட்டை வைத்து அளந்து தந்த அந்த முறையை 1965 குடியேற்றச் சட்டம் நீக்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் நிறத்தை வைத்துப் பிரிப்பதைத் தடுத்த குடிமை உரிமைச் சட்டம், அதே 1965-இல்தான் வாக்குரிமைச் சட்டமும். நிறத்தையும் பிறப்பையும் வைத்துப் பிரிப்பது தப்பு என்று கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிச் சொன்ன பிறகுதான் இந்தக் கதவும் திறந்தது, நீங்களும் நானும் விசா வாங்கினோம் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தவர், அந்தக் குடியேற்றச் சட்டத்தைப் பற்றிப் படப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான்கு வயதுக்கு ஏற்ற மாதிரி ஒன்று இதுவரை என் கையில் சிக்கவில்லை. ரூபி புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.