இருபத்தேழு ஸ்ட்ரா

தங்கச்சி மகள் படிவம் 4 படிக்கிறாள். செல்லுக்குள் இருக்கும் ஏதாவது ஓர் உறுப்பை மாதிரியாகச் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் மைட்டோகாண்ட்ரியா செய்வார்கள், நீ சென்ட்ரியோல் செய் என்று வாயை விட்டது நான்தான். அதனால் போன சனிக்கிழமை சாயந்திரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டு வாசலில், ஒட்டுக்கடையில் கெஞ்சி வாங்கிய ஒரு கட்டு ஸ்ட்ராவோடு இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

சென்ட்ரியோல் ஒரு குட்டிப் பீப்பாய். மும்மூன்றாக ஒட்டிய நுண்குழாய்க் கட்டுகள் ஒன்பது, காற்றாடி இதழ்போல் கொஞ்சம் சாய்ந்து, வட்டமாக நிற்கும். ஆக 27 குழாய். நிஜக் குழாயின் தடிமன் 25 நானோமீட்டர், எங்கள் ஸ்ட்ரா 6 மில்லிமீட்டர். அந்தக் கணக்குக்குப் பீப்பாய் 12 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம் வந்தது. தலைமுடி ஒன்றை அதே அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் தடிமனே கிட்டத்தட்ட 20 மீட்டர் இருக்கும். எதிரே நிற்கிற கிழட்டுச் செம்பனையின், அதாவது எண்ணெய்ப் பனையின், உயரம்!

ஒட்டுவதில்தான் வம்பு. மூன்றில் முதல் குழாய் மட்டுமே முழுசு, அதன் சுவரில் 13 புரத இழை. அடுத்த இரண்டுக்கும் பத்துப் பத்து இழைதான். மிச்சத்துக்குப் பக்கத்துக் குழாயின் சுவரையே வைத்துக்கொள்கின்றன. நான் பிறந்த லயத்து வீடு மாதிரி. ஒரே சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சரியாகச் செய்ய வேண்டுமானால் 18 ஸ்ட்ராவை நீளவாக்கில் கீற வேண்டும்.

"பெரியம்மா, எல்லாத்துக்கும் இருபத்தேழுதானா? கம்மியா உள்ளது எதுவும் இல்லையா?"

இருக்கிறதே. ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் என்ற மண்புழு இனத்தான்... இல்லை, மண்புழு இல்லை, ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு. அதற்கு மும்மூன்று கிடையாது, ஒற்றையாக ஒன்பதே குழாய். பழ ஈயின் கருவில் இரண்டிரண்டாக, 18. எண்ணிக்கை எப்படி மாறினாலும் அந்த ஒன்பது மட்டும் பெரும்பாலும் அசையாது. சாஸ்-6 என்ற புரதம் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஒன்பது ஆரம் உள்ள சக்கரமாகிறது என்று 2011இல் கண்டார்கள். அந்தச் சக்கரத்தைச் சுற்றித்தான் பீப்பாய் எழும்புகிறது. நம் செல்லில், வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல அதைக் கழற்றியும் விடுகிறது. புழுவிடம் அதே வகைப் புரதம் இருந்தும் சக்கரத்தைக் காணோம், நடுவில் ஒரு குழாய்தான்.

"அப்ப நான் புழுவுக்கே செய்றேன்" என்றாள். விடவில்லை நான்.

அப்புறம் பாடநூலைத் திறந்து காட்டினாள். விலங்குக்கு உண்டு, தாவரத்துக்கு இல்லை. செல் பிரிய உதவும். இந்த வரியில்தான் எனக்குக் கோபம். சென்ட்ரியோலே இல்லாத செம்பனை செல் பிரிக்காமலா அவ்வளவு உயரம் போனது? சென்ட்ரியோல் இல்லாத பழ ஈக்களை 2006இல் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். முழு ஈயாகவே வளர்ந்து வெளியே வந்தன. உணர்வு நரம்புக்கு வேண்டிய நுண்மயிர் முளைக்காததால் பிறகு சீக்கிரமே செத்தன. நீந்தும் வாலுக்கும் நுண்மயிருக்கும் அடித்தூர் சென்ட்ரியோல்தான். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் செம்பனையிலேயே மட்டை வெட்டிய அடிகளில் பெரணி கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. மலாய்க்காரர்கள் பாக்கு என்பார்கள் (வெற்றிலைப் பாக்கு இல்லை); அந்த இனத்தில் ஒன்றின் கொழுந்தைத்தான் அம்மா தேங்காய்ப்பாலில் சமைப்பார். பெரணியின் விந்தணு மழை ஈரத்தில் நீந்திப் போக வேண்டும். அதனால் விந்தணு உண்டாகும்போது மட்டும், முன்பு இல்லாத சென்ட்ரியோலைப் புதிதாகச் செய்துகொள்கிறது. செம்பனைக்கு நீச்சல் இல்லை, மகரந்தக் குழாயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"மகரந்தமா? நாங்க ஊதியிருக்கோமே" என்றார் அம்மா உள்ளேயிருந்து. உண்மைதான். பவுடரோடு கலந்து பூவில் ஊதுவது தோட்டத்தில் ஒரு வேலை. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலை போயிற்று. "அந்த வண்டு வந்ததுல என் கைச்செலவுக் காசு போச்சு" என்றார் அம்மா.

"அப்ப பரீட்சையில என்ன எழுதறது பெரியம்மா?"

"தாவரத்துக்கு இல்லைன்னே எழுதும்மா. மாத்தி எழுதினா மார்க் போயிடும்."

திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் ஒரு கட்டு கழன்று விழுந்துவிட்டதாம். எட்டோடுதான் மேசையில் வைத்திருக்கிறாள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லையாம்.